லாயத்தின் கடைசி ரூம்

வெங்கடசாமி மேஸ்திரி வாசல் அளப்பார், ஜன்னல் அளப்பார், எதிரே நிற்பவன் எவ்வளவு தூரம் ஏமாறுவான் என்பதைக்கூடக் கண்ணாலேயே அளந்துவிடுவார். குதிரையை அளந்தது வாழ்க்கையில் ஒரே ஒரு முறைதான். ரஸ்ஸல் மார்க்கெட் பக்கத்து ஜட்கா ஸ்டாண்டுக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். நான் பெயிண்டர். அளவு வேலைக்கும் எனக்கும் சம்பந்தமில்லை. ஆனால் நூலின் ஒரு முனையைக் குளம்புக்குப் பக்கத்தில் யாராவது பிடிக்க வேண்டுமே. குளம்புப் பக்கம் எனக்கு, காதுப் பக்கம் அவருக்கு. மேஸ்திரிமார்கள் வேலையைப் பங்கு போடுவது எப்போதும் இப்படித்தான்.

வண்டிக்கார பாய் பீடியை வாயிலிருந்து எடுத்தார்.

"க்யா ரே, பொண்ணு பாக்க வந்தியா, சட்டை தெக்க வந்தியா?"

"இதுக்கு வூடு கட்டப் போறேன் பாய். அதான் அளவு எடுக்கறேன்."

"எனக்கே வூடு இல்ல. மொதல்ல எனக்குக் கட்டு."

"எனக்குந்தான் இல்ல பாய். குதிரைக்கு அப்புறம்தான் நாம" என்றார் மேஸ்திரி, நூலில் முடிச்சுப் போட்டுக்கொண்டே.

சிரிப்புக்குச் சொன்னாலும் அது உண்மை. ஜீவனஹள்ளியில் ரயில் பாதை ஓரத்தில் ஷீட்டு போட்ட ஒற்றை ரூமில் அவரும் அவர் சம்சாரம் சின்னத்தாயியும் கல்யாணமான நாளிலிருந்து குடியிருந்தார்கள். பெண் மமதா பிறந்து வளர்ந்து கட்டிக்கொடுத்துப் போனதும் அங்கிருந்துதான். வீட்டுக்காரர் செத்துப்போய், மகன் கைக்கு இடம் வந்தது. இடித்துவிட்டு மாடி கட்டப் போகிறேன், யுகாதிக்குள் காலி பண்ணுங்கள் என்று அவன் சொல்லிவிட்டான். ஊருக்கெல்லாம் வீடு கட்டினவருக்கு வீடு இல்லை என்று நான் நீட்டி முழக்கப் போவதில்லை. நானும் ஊருக்கெல்லாம் பெயிண்ட் அடிக்கிறேன், என் வீட்டுச் சுவரை வந்து பாருங்கள். ஆனால் மேஸ்திரிக்கு சிமெண்ட் தூசி நெஞ்சில் ஏறி இருமல் பிடித்துவிட்டிருந்தது. சாரம் ஏற முடியாது. சாரம் ஏறாத மேஸ்திரியைப் பெங்களூரில் யார் கூப்பிடுவார்கள்? அந்த வருஷம் தொண்ணூற்றாறு. ஊர் முழுக்க எல்லோரும் மேலே மேலே கட்டிக்கொண்டிருந்த நேரம்.

அப்போதுதான் தரையிலேயே நின்று செய்கிற வேலை ஒன்று வந்தது.

ஹெண்ணூர் தாண்டி பாகலூர் ரோட்டில் கஸ்தூரிரங்கன் என்று ஒருவருக்குக் கோழிப்பண்ணை இருந்தது. மல்லேஸ்வரத்து ஐயங்கார். விதான சௌதாவில் பெரிய உத்தியோகம் பார்த்து ரிட்டயர் ஆனவர். ஐயங்கார் கோழி வளர்த்தது எப்படி என்று அவர் சொந்தக்காரர்களே மூக்கில் விரல் வைத்தார்களாம். "வளர்க்கத்தானே செய்யறேன், திங்கறேனா?" என்பாராம் அவர். கடவுள் அந்தக் கணக்கை ஏற்கவில்லை போல. ஒரு வெயில் காலத்தில் நோய் வந்து, கொட்டகை கொட்டகையாகக் கோழி செத்தது. அப்புறம் இரண்டு வருஷம் பண்ணை பூட்டிக் கிடந்தது.

அவர் பிள்ளை ஸ்ரீஹர்ஷா கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. எங்கேயோ போய்க் குதிரை ஓட்டக் கற்றுக்கொண்டு வந்து, பைத்தியம் பிடித்த மாதிரி ஆகிவிட்டான். ரேஸில் ஓடி ஓய்ந்துபோன குதிரைகளை வாங்கிப் பண்ணையில் வைத்துப் பெரிய இடத்துக் குழந்தைகளுக்குச் சவாரி சொல்லித் தரலாம் என்றான்.

"கோழி முட்டையாவது போட்டுது. குதிரை என்னடா போடும்?" என்று கேட்டாராம் அப்பா.

ஆனாலும் ஒரே பிள்ளை. சம்மதித்துவிட்டார். அம்மா ரமாவுக்குப் பிள்ளை எது சொன்னாலும் வேதம். யாரோ சொல்லி வெங்கடசாமியைக் கூப்பிட்டார்கள். மேஸ்திரி சித்தாளாகச் சம்சாரத்தையும், கதவுக்கு வண்ணம் அடிக்க என்னையும் சேர்த்துக்கொண்டார்.

முதல் நாள் கொட்டகைக்குள் நுழைந்தபோது மூச்சே விட முடியவில்லை. தரையில் பழைய கோழி எச்சம் ஓடு மாதிரி இறுகிக் கிடந்தது. இடுப்புயரச் சுவர், அதற்கு மேல் கம்பி வலை, அதற்கு மேல் தாழ்ந்த ஷீட்டுக் கூரை. நிமிர்ந்து நின்றால் நம் தலையே இடிக்கும். சின்னத்தாயி முந்தானையை மூக்கோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு கடப்பாரையை எடுத்தாள்.

"யோவ், கோழி வூட்டக் குதிரை வூடாக்கறியே, நம்ம வூட்ட இன்னா பண்ணப் போற?"

"இரு புள்ள. வழி பண்றேன்."

"நீ வழி பண்றதுக்குள்ள அவன் ஷீட்ட பிரிச்சுடுவான்."

கம்பி வலையைப் பிய்த்தார்கள். தூண்களை உயர்த்திக் கூரையைத் தூக்கினார்கள். வழுக்குகிற சிமெண்ட் தரையை உடைத்து எடுத்துவிட்டு, செங்கல்லைக் குத்துவாட்டில் நிறுத்திப் பாவினார்கள். லாடக் கால் பிடித்து நிற்க வேண்டும், மூத்திரம் பின்பக்கம் ஓடிவிட வேண்டும். சுவர் மூலைகளைக் கூராக விடாமல் மழுக்கச் சொன்னான் ஸ்ரீஹர்ஷா. குதிரை திரும்பும்போது இடுப்பில் இடிக்குமாம். கதவு ரெண்டு துண்டு. மேல்பாதி திறந்திருக்கும், குதிரை தலையை நீட்டி வெளியே வேடிக்கை பார்க்கும். "நம்ம ஜீவனஹள்ளிப் பொம்பளைங்க மாதிரி" என்று சொல்லி நான் சின்னத்தாயியிடம் திட்டு வாங்கினேன்.

ஜட்கா குதிரை அளவு காலை வாரிவிட்டது. முதல் வாசல் நிலை வைத்ததும் ஸ்ரீஹர்ஷா வந்து பார்த்துவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"மேஸ்திரி, இது ரேஸ் குதிரை. ஒட்டகச்சிவிங்கிக்குத் தம்பி. உன் ஜட்கா குதிரை அது காலுக்கு நடுவுல பூந்து போயிடும்."

"அந்தக் குதிரைக்குச் சோறு பத்தல சார். தின்னிருந்தா அதும் வளர்ந்திருக்கும்" என்றார் மேஸ்திரி. நிலைகளை உடைத்து மறுபடி வைத்தோம்.

ஆனால் ஒரு ரூமை மட்டும் யாரும் உடைக்கச் சொல்லவில்லை. லாயத்தின் கடைசியில், பழைய தீவன மூட்டைகள் அடுக்கிக் கிடந்த ரூம். அதை மேஸ்திரி தன் கையாலேயே பூசினார், சித்தாளைக்கூடக் கரணை தொட விடவில்லை. தரையைத் தேய்த்துத் தேய்த்து வழவழவென்று பண்ணினார். கிழக்குப் பக்கம் ஒரு ஜன்னல். மேலே ஒரு பரண். சுவரில் சாமிப் படத்துக்கு ஒரு மாடம். மூலையில் அடுப்பு உயரத்துக்கு ஒரு மேடை. ஒரு ஞாயிற்றுக்கிழமை கஸ்தூரிரங்கன் வந்து சுற்றிப் பார்த்தவர் இந்த மேடைக்கு முன்னால் நின்றுவிட்டார்.

"ஏன் மேஸ்திரி, தீவன ரூம்ல மேடை எதுக்கு?"

"மூட்ட வைக்க சார். எலி ஏறாது."

"மாடம்?"

"வெளக்கு வைக்க சார்."

"குதிரை சாமி கும்பிடுமோ?"

மேஸ்திரி தலையைச் சொறிந்தார். கஸ்தூரிரங்கன் மேடையையும் மாடத்தையும் மறுபடி பார்த்தார். பிறகு சிரித்தார். நல்ல மனுஷர்தான், அதை நான் மறுக்கவில்லை.

"ஆகட்டும்யா. யாராவது ஒருத்தர் ராத்திரி இங்க இருக்கத்தானே வேணும். நீயும் உன் ஆத்துக்காரியும் இங்கேயே இருங்கோ. காவலுக்கும் ஆச்சு, குதிரைக்குப் புல்லு போடவும் ஆச்சு. வேலை முடியட்டும்."

அன்றைக்கு சாயங்காலம் பஸ்ஸில் சின்னத்தாயி ஜன்னலோரம் உட்கார்ந்து வாய் ஓயாமல் பேசிக்கொண்டே வந்தாள். பம்புத் தண்ணி எப்பவும் வருமாம். பின்னால் கீரை போடலாமாம். மமதா பிரசவத்துக்கு வந்தால் தொட்டில் கட்ட உத்தரம் இருக்காம். மேஸ்திரி காசு கொடுக்காமல் பஸ் ஏறினவர் மாதிரி திருட்டுச் சிரிப்போடு உட்கார்ந்திருந்தார்.

தை மாசம் வேலை முடிந்தது. கட்டிடம் முடித்தால் மேஸ்திரி சும்மா சாவி கொடுத்துவிட மாட்டார். வாசலுக்கு வாசல் தோரணம் கட்டி, பூசணிக்காயில் குங்குமம் வைத்து உடைத்து, அப்புறம்தான் உள்ளே விடுவார். கோழிக்கொட்டகையோ கல்யாண மண்டபமோ, அவருக்கு எல்லாம் ஒன்றுதான். வெள்ளிக்கிழமை நாள் பார்த்தார்கள். மத்தியானம் இரண்டு குதிரை வருகிறது. நான் டர்பென்டைன் வாங்க ஹெண்ணூருக்குப் போயிருந்தேன். அதனால் காலையில் நடந்ததை நான் கண்ணால் பார்க்கவில்லை. சின்னத்தாயி மறுநாள் சாயங்காலம் என் வீட்டு வாசலில் உட்கார்ந்து சொன்னதும், மேஸ்திரி பல வருஷம் கழித்துத் தானாகவே சொன்னதும் ஒன்றாக இருப்பதால் எழுதுகிறேன்.

ரமா அம்மாள் பட்டுப்புடவையில் காலையிலேயே வந்துவிட்டாள். பெரிய கேட்டில் மாவிலை கட்டியிருந்தது. லாயத்துக் கதவுகளில் மேஸ்திரி இன்னும் ஒன்றும் கட்டவில்லை. பிள்ளை ஆசையாகச் செய்கிற காரியம், இப்படி மொட்டையாக இருக்கலாமா?

"சின்னத்தாயி, வேலியில அவ்வளவு அரளி பூத்துக் கிடக்கே, கொத்து கொத்தா வெட்டி ஒவ்வொரு கதவுலயும் கட்டு."

"அரளியா மா? எங்க பக்கம் சாமிக்கு மாலைதான் கட்டுவோம். வாசல்ல கட்ட மாட்டோம்."

"இது என்ன வீடா? லாயம்தானே. சேப்பு சேப்பா பாக்க நன்னா இருக்கும். இலையோட கட்டு, நெறைவா இருக்கும்."

பக்கத்துக் கதவில் தாழ்ப்பாள் முடுக்கிக்கொண்டிருந்த மேஸ்திரி இதைக் கேட்டார். கேட்டும் அவருக்கு ஒன்றும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றியிருக்காது, உங்களுக்கும் தோன்றியிருக்காது. அரளி விதையை அரைத்துக் குடித்துச் செத்தவர்கள் கதை நமக்கெல்லாம் தெரியும். ஆனால் பூ சாமிக்குப் போடுவது. இலையை ஆடு தொடாது, மாடு தொடாது. அதனால்தானே வேலிக்கு அரளி வைக்கிறோம். அந்த வேலி ஓரமாக ஊர் மாடுகள் எத்தனை வருஷமாக மேய்ந்தன, ஒன்றாவது வாய் வைத்திருக்குமா? மாட்டுக்குத் தெரிந்தது குதிரைக்குத் தெரியாமல் போகுமா? அந்த வேலிக்குள்ளே அன்றைக்கு நின்ற அத்தனை பேரும் மாட்டை மட்டுமே பார்த்து வளர்ந்தவர்கள்.

சின்னத்தாயி அரிவாள் எடுத்துக்கொண்டு போய் வெட்டினாள். கட்டினாள். மத்தியானம் லாரியில் குதிரைகள் வந்தபோது வெயிலில் அரளி இலையெல்லாம் வாடித் தொங்கிக்கொண்டிருந்தது. பூசணிக்காய் உடைத்தார்கள், எல்லோருக்கும் கேசரி கொடுத்தார்கள். எனக்கு ரெண்டு தரம் கிடைத்தது.

வந்ததில் ஒன்று செம்பட்டைப் பெண் குதிரை. பெயர் லேடி கூர்க். ரேஸில் அது ஜெயித்ததைவிடத் தோற்றதுதான் அதிகம் என்று அதைப் பராமரித்துக் கூட்டிவந்த சைஸ் மக்பூல் சொன்னான். பிறந்ததிலிருந்து லாயத்துக்குள்ளேயே நின்று, மூக்குக்கு முன்னால் கட்டினதைத் தின்றே வளர்ந்த ஜாதி. எது தின்னலாம், எது கூடாது என்று வெளியே மேய்ந்து பழகினால்தானே தெரியும்? அரைக்கதவு வழியாகத் தலையை நீட்டித் தோரணத்தைப் பிடித்து இழுத்தது.

"பச்சை பாத்தா உடாது பாரு, சைத்தான்" என்று மக்பூல் சிரித்தான். எல்லோரும் சிரித்தோம். ஸ்ரீஹர்ஷா போட்டோகூட எடுத்தான்.

மறுநாள் காலையில் கேட்டுக்கு ரெண்டாம் கோட்டு அடிக்க நான் போனபோது, லேடி கூர்க் நடுங்கிக்கொண்டு நின்றது. உடம்பெல்லாம் வேர்வை. குத்துவாட்டில் பாவிய செங்கல்லை முன்னங்காலால் சுரண்டிக்கொண்டே இருந்தது. வயிற்றால் போனதில் ரத்தம். ஸ்ரீஹர்ஷா அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு கன்னடத்திலும் தமிழிலும் இங்கிலீஷிலும் கெஞ்சிக்கொண்டிருந்தான். டாக்டர் வந்து நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"துடிப்பு தாறுமாறா ஓடறது. என்ன தின்னுது?"

"புல்லு, ஓட்ஸு. நான்தான் போட்டேன் சார்" என்றான் மக்பூல்.

டாக்டர் வாயைத் திறந்து விரல் விட்டுத் துழாவினார். கடைவாயிலிருந்து மென்ற இலை வந்தது. அதை உள்ளங்கையில் விரித்து வைத்துப் பார்த்தார். பிறகு தலை நிமிர்ந்து கதவைப் பார்த்தார். கதவில் வாழை நாரும் மொட்டைக் குச்சியும்தான் மிச்சம் இருந்தது.

அவர் ஊசி போட்டுக்கொண்டிருந்த நேரத்தில் ரமா அம்மாள் மேஸ்திரியைப் பம்ப் செட்டுக்குப் பின்னால் கூப்பிட்டாளாம். 

"மேஸ்திரி, நான் சொன்னேன்னு என் பிள்ளைக்குத் தெரிஞ்சா ஜென்மத்துக்கும் என் மூஞ்சியில முழிக்க மாட்டான். உன் பொண்டாட்டி தெரியாம கட்டிட்டான்னு சொல்லிடு. கட்டினது அவதானே? அதுல பொய் இல்லையே?"

"அம்மா, அவ பாவம்மா."

"ஒரு கூலிக்காரிய யாரு என்ன பண்ணிடப் போறா? ரெண்டு திட்டு திட்டுவான், அவ்வளவுதான். ரூம் உனக்குத்தான். அதுக்கு நான் பொறுப்பு."

ரூம் என்று கேட்டதும் காதில் வேறு ஒன்றும் விழவில்லை என்று மேஸ்திரி என்னிடம் சொன்னார். அந்த மேடையும் ஜன்னலும்தான் கண்ணில் நின்றதாம்.

மத்தியானத்துக்கு முன்னால் குதிரை விழுந்தது. அவ்வளவு பெரிய உடம்பு விழுகிற சத்தத்தை நான் அதற்கு முன் கேட்டதில்லை, பின்னும் கேட்கவில்லை. கால்கள் ரெண்டு மூன்று தரம் சுவரை உதைத்தன. மேஸ்திரி மழுக்கிவைத்த மூலை. பிறகு ஒன்றுமில்லை.

ஸ்ரீஹர்ஷா வெளியே வந்தான். அழுது முகம் வீங்கியிருந்தது.

"யாரு கட்டினது இத? யாரு?"

 ரமா அம்மாள் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு மேஸ்திரியைப் பார்த்தாள். சின்னத்தாயி ரமா அம்மாளைப் பார்த்தாள். அவள் முகத்தில் பயமே இல்லை, பாருங்கள். சொன்னவள் எதிரிலேயே நிற்கிறாள், வாய் திறக்கப் போகிறாள் என்றுதான் அவள் நின்றாள்.

"என் சம்சாரந்தான் சார்" என்றார் வெங்கடசாமி. "படிக்காத ஜென்மம். யாரையும் கேக்காம வெட்டிக் கட்டிட்டா. நான் பாத்திருந்தா உட்டிருக்க மாட்டேன்."

கடைசி வாக்கியத்தை யாரும் அவரைச் சொல்லச் சொல்லவில்லை. அதை அவராகவே சேர்த்தார்.

சின்னத்தாயி புருஷன் பக்கம் திரும்பினாள். 

"இந்தப் பொம்பள இனிமே இந்த கேட்டுக்குள்ள கால் வைக்கக் கூடாது" என்று கத்தினான் ஸ்ரீஹர்ஷா. "அப்பா, சொல்லிட்டேன். அவ வந்தா நான் வர மாட்டேன்."

கஸ்தூரிரங்கன் மகனைப் பார்த்தார், பெண்டாட்டியைப் பார்த்தார். அவருக்குச் சந்தேகம் வந்திருக்கும் என்பது என் ஊகம். முப்பது வருஷம் குடித்தனம் செய்தவருக்குப் பெண்டாட்டி முகம் தெரியாதா? ஆனால் அவர் கேட்கவில்லை.

"மேஸ்திரி, நீ இரு. உன்மேல தப்பில்ல. அவ மட்டும் வேணாம்" என்றார் தரையைப் பார்த்தபடி.

சின்னத்தாயி அழவில்லை, சண்டை போடவில்லை. அடுத்த கதவுக்குப் போனாள். அங்கே இன்னொரு குதிரை தலையை நீட்டிக்கொண்டு நின்றது. அதற்கு எட்டாத பக்கமாகக் கட்டியிருந்த அரளியை ஒன்று விடாமல் அவிழ்த்தாள். காலி ரூம்களின் கதவுகளிலும் அவிழ்த்தாள். எல்லாவற்றையும் கொண்டுபோய்ச் சுண்ணாம்புக் குழியில் போட்டாள். குழாயில் கை கழுவினாள், முந்தானையில் துடைத்தாள், தூக்குப் போசியை எடுத்துக்கொண்டு கேட்டைத் தாண்டிப் பஸ் ரோட்டுக்கு நடந்தாள். மேஸ்திரி பின்னாலேயே போகப் போகிறார் என்று நினைத்தேன். குழி வெட்டக் கடப்பாரை கொண்டுவா என்று கஸ்தூரிரங்கன் கூப்பிட்டார். மேஸ்திரி அந்தப் பக்கம் போனார்.

அன்று சாயங்காலம் ஜீவனஹள்ளியே அவர்கள் வாசலில் காது வைத்துக் கேட்டது. நான் அடுத்த வீடு, எனக்குக் காதை வைக்க வேண்டிய அவசியமே இல்லை.

"ஏய், ஒரு மாசம். ஒரே மாசம். அந்தப் புள்ளைக்குக் கோவம் ஆறட்டும். அம்மாவே கூப்பிடும்."

"அந்தம்மா வெட்டச் சொல்லிச்சா இல்லையா?"

"சொல்லிச்சு."

"நீ கேட்டியா இல்லையா?"

"கேட்டேன்டி. அதச் சொல்லியிருந்தா ரெண்டு பேருக்கும் ரூம் போயிருக்கும். இப்ப ஒண்ணாவது மிஞ்சிச்சு."

"இன்னா மிஞ்சிச்சு?"

"ரூமு."

"அதுல நீ இரு" என்றாள் சின்னத்தாயி. அதற்கப்புறம் பாத்திரம் கட்டுகிற சத்தம்தான் கேட்டது.

யுகாதிக்கு முன்னாலேயே வீட்டுக்காரன் ஷீட்டைப் பிரித்தான். சின்னத்தாயி லிங்கராஜபுரத்தில் மமதா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தாள். ஜீவனஹள்ளியின் வாய் சும்மா இருக்குமா? அவளுக்கு 'குதிரக்காரி' என்று பெயர் வைத்தது. எந்த வேலைத்தளத்துக்குப் போனாலும் யாராவது ஒருத்தன், "அக்கா, டீயில எதுவும் கலக்கலியே?" என்பான். அவள் சும்மாட்டை இறுக்கிக்கொண்டு கல் தூக்குவாள். நடந்தது என்ன என்று என் வீட்டில் சொன்ன ஒரு தரத்தைத் தவிர வேறு யாரிடமும் அவள் சொல்லவில்லை. நான் ஊரெல்லாம் சொன்னேன். நான் சொன்னதாலேயே யாரும் நம்பவில்லை.

மேஸ்திரி அந்த ரூமுக்கு ஒரு கட்டில், ஒரு ஸ்டவ், ஒரு முருகர் படத்தோடு குடிபோனார். முதல் வேலையாக அரளி வேலியை அவரையே பிடுங்கச் சொன்னார்கள். பாலும் தூசியும் பட்டுக் கை வெந்து போய், வாரக் கணக்கில் சோற்றைக் கரண்டியால் தின்றார். அந்த வேலி இருந்த இடத்தில் கம்பி கட்டினார்கள். அப்புறம் குதிரைகள் வந்தன, காரில் குழந்தைகள் வந்தார்கள், தொழில் கொஞ்ச வருஷம் ஓடியது. மேஸ்திரி கரணையை விட்டுவிட்டுப் புல்லு போட்டார், சாணி அள்ளினார். யாராவது கையில் ஒரு இலையோடு கேட்டுக்குள் வந்தால்கூட, "கீழ போடு, கீழ போடு" என்று கத்திக்கொண்டு ஓடுவார். பார்க்கச் சிரிப்பாக இருக்கும். சிரிக்க முடியாது.

மாசத்துக்கு ஒரு தரம் லிங்கராஜபுரம் போவார். சின்னத்தாயி வீட்டுக்குள் இருந்தால் புழக்கடைக்குப் போய்விடுவாள். பேத்திக்கு மிட்டாய் கொடுத்துவிட்டு வருவார்.

இரண்டாயிரத்தொன்றில் ஸ்ரீஹர்ஷா அமெரிக்கா போய்விட்டான். குதிரைகளை விற்றார்கள். ரமா அம்மாள் ஒருநாள் பண்ணைக்கு வந்தவள் மேஸ்திரி இருமுவதைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"ஏன் இப்படித் தனியா கிடந்து கஷ்டப்படறே? அவளைக் கூட்டிண்டு வந்துடு. இப்ப யாரு என்ன சொல்லப் போறா?"

மேஸ்திரி ரூமுக்கு வெள்ளையடிக்க என்னைக் கூப்பிட்டார். அடித்துக் கொடுத்தேன். பரணைத் துடைத்தார், மேடையைக் கழுவினார். மறுநாள் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு லிங்கராஜபுரம் போனார். இந்த முறை சின்னத்தாயி புழக்கடைக்குப் போகவில்லை. நான் கூட இருந்ததாலோ என்னவோ. முறத்தில் அரிசி பொறுக்கிக்கொண்டிருந்தவள் தலை நிமிரவில்லை.

"அம்மா வரச் சொல்லிச்சு. உன்னை" என்றார்.

"எந்தம்மா?"

"ரமாம்மா. ரூமு வெள்ளையடிச்சிருக்குது. கேளு, பெயிண்டரக் கேளு."

நான் தலையாட்டினேன்.

"அந்தம்மா அதும் புள்ளைகிட்ட சொல்லிடுச்சா, நான்தான் கட்டச் சொன்னேன்னு?"

மேஸ்திரி என்னைப் பார்த்தார். என்னைப் பார்த்து என்ன ஆகப் போகிறது?

"அது... அவன் அமெரிக்காவுக்குப் பூட்டான். இப்ப எதுக்கு அது?"

"நீ சொன்னியா?"

"யார்கிட்ட சொல்றது சின்னத்தாயி, அவன்தான் ஊர்லயே இல்லியே."

"அவங்கப்பா ஊர்ல இல்லியா?"

இருமல் வந்தது. நிஜ இருமலா, பதில் இல்லாத இருமலா என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. சின்னத்தாயி முறத்தைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனாள். தண்ணி கொண்டுவந்து வைத்தாள். அப்புறம் இரண்டு தட்டு கொண்டுவந்து வைத்தாள்.

"சாப்ட்டுட்டுப் போங்க. கருவாட்டுக் கொழம்பு. பெயிண்டரே, உக்காருங்க."

மேஸ்திரி சாப்பிட்டார். இரண்டாம் தரம் சோறு போட்டாள், வேண்டாம் என்று சொல்லவில்லை. பஸ்ஸில் திரும்பும்போது, "கொழம்பு நல்லா இருந்திச்சு" என்று மட்டும் சொன்னார். கஸ்தூரிரங்கனிடம் சொல்லிவிடலாமே மேஸ்திரி, இப்ப என்ன பயம் என்று கேட்டேன்.

"சொன்னா ரமாம்மா அனுப்பிடும்" என்றார். "இந்த நெஞ்ச வச்சிக்கினு எங்க போறது?"

இரண்டாயிரத்து மூன்று மார்கழியில், பால்காரன் குரல் கொடுத்துப் பார்த்துவிட்டுக் கதவைத் தள்ளினான். மேஸ்திரி கட்டிலில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தவாக்கில் போயிருந்தார். எனக்குச் சொல்லி அனுப்பினார்கள். நான் மமதாவுக்குச் சொன்னேன். மகளும் மருமகனும் ஆட்டோவில் வந்தார்கள், சின்னத்தாயியும் வந்தாள்.

ஆட்டோ கேட்டுக்கு வெளியே நின்றது. மமதா அழுதுகொண்டே உள்ளே ஓடினாள். சின்னத்தாயி இறங்கி ரோட்டோரம் நின்றாள்.

கஸ்தூரிரங்கன் தடியூன்றிக்கொண்டு கேட்டு வரைக்கும் வந்தார். ரமா அம்மாள் அவருக்குப் பின்னால்.

"உள்ள வாம்மா. வந்து பாரு" என்றார் அவர்.

"கால் வைக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்குது சார்."

"அது எப்பவோ, கோபத்துல சொன்னது. வா."

"இன்னாத்துக்கு சொன்னாங்கன்னு அம்மாவ சொல்லச் சொல்லுங்க. அப்புறம் வரேன்."

கஸ்தூரிரங்கன் திரும்பிப் பார்த்தார். ரமா அம்மாள் லாயத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நாங்கள் ஏழெட்டுப் பேர் இருந்தோம். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. ரமா அம்மாளின் உதடு ஒரு தரம் பிரிந்தது. பிறகு, "பூ வாங்கிண்டு வரச் சொன்னேனே, யாராவது போனாளா?" என்று பொதுவாகக் கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

நானும் மருமகனும் இன்னும் ரெண்டு பேரும் மேஸ்திரியைக் கட்டிலோடு தூக்கினோம். கட்டில் அந்த ரூம் வாசலில் நேராக வரவில்லை, சாய்த்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. கேட்டைத் தாண்டி ரோட்டோரம் கொண்டுபோய் இறக்கினோம். சின்னத்தாயி மண்ணில் உட்கார்ந்து அவர் முகத்தைத் தன் பக்கம் திருப்பினாள். அதற்கப்புறம்தான் அழுதாள். லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டு போயின. கல்பள்ளிச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோக வண்டி வருகிற வரைக்கும் அவள் அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.